சந்திக்குப் போகாத சோறு

சப்பாத்துத் தட்டில் ஒரு சோடி கூடுதலாக இருந்தது.

செவன் கிங்ஸில் அந்த வீட்டுக்குள் நுழையும் எவரும் முதலில் குனிந்து சப்பாத்தைக் கழற்றி, கதவுக்குப் பக்கத்து மரத்தட்டில் வைத்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும். கௌசியின் சட்டம் அது. ஆகவே யாருடையது எந்த இடத்தில் இருக்கும் என்பது அவளுக்கு இருட்டிலும் தெரியும். மேல்தட்டு கணவன் வாமதேவனுடைய சிமெந்து படிந்த வேலைச் சப்பாத்துக்கு. நடுத்தட்டு அவளுக்கு. கீழ்த்தட்டு மகள் கீர்த்திகாவுக்கு. நவம்பர் மாதத்துப் பின்னேரம், நாலு மணிகூட ஆகவில்லை, அதற்குள் தெருவிளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. கடை ஷிப்ட் முடிந்து இரண்டு கையிலும் பைகளோடு வந்தவள் முழங்கையால் வெளிச்சத்தைப் போட்டாள். கீர்த்திகாவின் பள்ளிச் சப்பாத்து இருக்கவேண்டிய இடத்தில் மண்ணிறத் தோல் சப்பாத்து ஒரு சோடி, நுனி சுவரைப் பார்த்தபடி, ஊறிப்போய், அடியில் சிறிது தண்ணீர் தேங்கியபடி இருந்தது. அன்று முழுவதும் லண்டனில் மழையே இல்லை.

வாமதேவன் வேலையாள் யாரையாவது கூட்டிவந்திருப்பான் என்று முதலில் நினைத்தாள். கூப்பிட்டுப் பார்த்தாள். குசினியில் குளிர்சாதனப்பெட்டி முனகியது, சுவருக்குள் சுடுதண்ணீர்க் குழாய் டிக் டிக் என்று சூடேறியது, வேறு சத்தமில்லை. ஆனால் விறாந்தையில் புதினா இனிப்பின் வாசம் மெல்லியதாக, யாரோ இப்போதுதான் வாயைத் திறந்து பேசிவிட்டுப் போனதுபோல இருந்தது. அந்த வீட்டுக்கு வந்தவர்களில் சப்பாத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தவர் ஒரேயொருவர்தான். அவர் செத்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கௌசிக்கு அது மிக நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவரைச் சாகக் கொண்டுபோய் வைத்தவர்களில் அவளும் ஒருத்தி.

வாமதேவன் ஜெர்மனியில் பதினொரு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவன். கட்டட வேலை. வீடு வாங்கிய இரண்டாம் வருடமே கூரைக்கடியில் தானே பலகை அடித்து, ஜன்னல் வெட்டி, ஒடுக்கமான படி வைத்து ஓர் அறை கட்டினான். கவுன்சிலிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் தரமாட்டார்கள் என்பது கேட்காமலே அவனுக்குத் தெரியும். அப்படியான விஷயங்களில் அவன் மகா கெட்டிக்காரன். அந்த அறையை வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டார்கள். ஒருதரம் வந்தவர் மறுதரமும் வந்துவிட்டால் வாமதேவனுக்குத் தலைகால் புரியாது. ஆள் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னரே, “ஏன் திரும்ப வந்தனீங்கள்?” என்று கேட்பான். பாலத்தையும் அரண்மனையையும் ஒருதரம் பார்த்தால் போதாதா, பிறகும் என்னத்துக்கு இந்தக் குளிருக்குள்? நூதனசாலையில் பாதிதான் முடிந்தது என்றாள் ஓர் இத்தாலிக்காரி. கௌசியின் நண்டுக்கறிக்கு என்றார்கள் ஒரு கனடாத் தம்பதி. முதல்முறை மனைவியோடு வந்தேன், இப்போது அவள் இல்லாமல் அதே தெருக்களில் நடந்து பார்க்கிறேன் என்றார் ஒரு நோர்வேக்காரர். இந்தப் பதில்களையெல்லாம் வாமதேவன் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் வாசலில் நின்று, ஏதோ தன்னுடைய கெட்டித்தனம்போல, காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்வான்.

ஐந்து வருடம் தொடர்ந்து வந்தவர் எக்கார்ட் மட்டும்தான். ஜெர்மன்காரர், ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார், தனிக்கட்டை, வாயில் எப்போதும் ஒரு புதினா இனிப்பு. ஒவ்வொரு நவம்பரும் மூன்றாம் கிழமை வருவார். எதையும் பெரிதாகச் சுற்றிப் பார்க்கமாட்டார். பகலில் பஸ் ஏறி எங்கோ போய்வருவார், பின்னேரம் குசினி மேசையில் இருந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிடுவார், கௌசி என்ன கேட்டாலும் தான் படித்த ஒரே தமிழ்ச் சொல்லான “ஓம்” என்பதைச் சொல்லிவிட்டுக் குழந்தைபோலச் சிரிப்பார். கடைசி முறை வாமதேவன் வழக்கம்போலக் கேட்டபோது அவர் ஜெர்மன் மொழியில் சொன்ன பதிலை அவன் கௌசிக்குத் தமிழில் சொன்னான்.

“தன்ர வீட்டுக்குப் போனா லைற் அணைஞ்சிருக்குமாம். இங்க நாங்கள் போட்டு வைச்சிருக்கிறமாம். ஆரும் பாத்துக்கொண்டிருக்கிற இடத்துக்குத்தானாம் மனுசர் திரும்பி வாறது.”

அந்த வெளிச்சம் மகள் இருட்டுக்குப் பயப்படுகிறாள் என்பதற்காகப் போட்டது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அந்த முறை வந்து மூன்றாம் நாள் பின்னேரம் மேலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு, பிறகு நிறுத்தம், மறுபடி மூன்று. கௌசி ஓடிப்போனாள். எக்கார்ட் அறைக் கதவுக்குப் பின்னால் தரையில் நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்திருந்தார், முகம் வேர்த்திருந்தது. அவள் போனை எடுத்தாள். வாமதேவன் அவள் கையைப் பிடித்தான்.

“கொஞ்சம் பொறு. அம்புலன்ஸ்காரர் வந்தா மேல ஏறுவினம். ஏறினா பாப்பினம். பாத்தா எழுதுவினம். கூரையை இடிக்கச் சொல்லுவாங்கள், கௌசி.”

பொறுத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள், விசிறினார்கள், நாற்பது நிமிடம் பொறுத்தார்கள். மனுசன் தேறவில்லை. கடைசியில் வாமதேவன் தோளையும் கௌசி காலையும் பிடித்துக் கீழே இறக்கி, வேலைக்கு ஓட்டும் வான் வண்டியில் ஏற்றி, இரண்டு தெரு தள்ளி ஒரு பஸ் தரிப்பிடத்து வாங்கில் இருத்திவிட்டுப் பக்கத்தில் அவருடைய பெட்டியை வைத்தார்கள். மழை கொட்டியது. “இங்க ஆக்கள் வருவினம், காணுவினம், போன் அடிப்பினம்,” என்றான் வாமதேவன். எக்கார்ட் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, என்னோடு இருப்பாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். கௌசி “ஓம்” என்றாள். தெரிந்த சொல் கேட்ட சந்தோசத்தில் அவர் சிரித்தார். அவள் கையை விடுவித்துக்கொண்டு வானில் ஏறிவிட்டாள். மழைக்குள் ஒரு கிழவர் நித்திரை கொள்கிறார் என்று எத்தனையோ பஸ்காரர் அவரைக் கடந்து போனார்கள். விடியத்தான் கண்டுபிடித்தார்களாம். கௌசியிடமோ வாமதேவனிடமோ வந்து ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

எட்டாம் நாள் கௌசியால் பொறுக்க முடியவில்லை. ஊரில் செத்தவருக்கு எட்டாம் நாள் அவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். பிறகு அதில் ஒரு பங்கை எடுத்துப்போய்ச் சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள். இந்த வீட்டோடு உனக்கு முடிந்தது, இனி உன் வழியைப் பார் என்று அனுப்பிவைக்கிற பங்கு அது. அதை யாரும் வாயில் வைப்பதில்லை. கௌசி ஒருவருக்கும் சொல்லாமல் சோறும் மீன்குழம்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சமைத்து, மேல் அறையில் ஒரு விளக்கு வைத்துப் படைத்தாள். சந்திப் பங்கை ஒரு வெள்ளித்தாள் தட்டில் கட்டிக்கொண்டு படியிறங்கும்போது வாமதேவன் கண்டுவிட்டான்.

“றோட்டில சோறு கொட்டப் போறியோ? மூலைக்கு மூலை கமெரா. கவுன்சில் பைன் அடிக்கும். ஏன் வைச்சனீ எண்டு கேட்டா என்ன சொல்லுவாய்?”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது; வாமதேவன் சொல்வதில் எப்போதும் நியாயம் இருக்கும். விடியப்புறம் யாரும் எழும்பமுதல் கொண்டுபோகலாம் என்று தட்டைக் குசினி மேசையில் வைத்தாள். கீர்த்திகா வகுப்பு முடிந்து பசியோடு வந்து, வேறு பீங்கானில் கொட்டி மைக்ரோவேவில் சூடாக்கி, வழித்துச் சாப்பிட்டுவிட்டாள். “அம்மா, மீன்கறி சூப்பர்,” என்றாள். கௌசி முள்ளை எடுத்துக் குப்பையில் போட்டாள். வாமதேவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். “எறியிற சாப்பாடு பிள்ளைக்குப் போச்சு. நல்லதுதானே.” மறுநாள் மேல் அறைக் கதவுக்கு வெளியே ஆமைப்பூட்டுப் போட்டு, திறப்பைத் தன்னுடைய வளையத்தில் கோத்துக்கொண்டான். அதற்குப் பிறகு விருந்தாளி எடுக்கவில்லை.

இந்த ஒரு வருடமும் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் கௌசி தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் பைகளைத் தரையில் வைத்துவிட்டு வாமதேவனுக்குப் போன் அடித்தாள்.

“என்ன சப்பாத்து? ஆற்ற சப்பாத்து?” அவனுடைய குரலுக்குப் பின்னால் வாகனங்கள் இரைந்தன. “பேய்க்கதை கதைக்காத. பிள்ளை வந்திட்டாளோ?”

“இல்லை. அவளின்ர சப்பாத்து இல்லை.”

“மேல போகாத. திறப்பு என்னட்டத்தான் இருக்கு. நோர்த் சேர்குலர் றோட்டில நிக்கிறன், அசையுதில்லை. முக்கால் மணித்தியாலம் செல்லும்.”

போனை வைத்தாள். தட்டின் அடியில் தேங்கிய தண்ணீர் மெல்ல மெல்லக் கோடாக நீண்டு படிக்கட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்த வீட்டின் தரைக்கு அந்தப் பக்கம் சரிவு இல்லை.

அப்போதுதான் மேலே தட்டியது.

மூன்று. நிறுத்தம். மூன்று.

கௌசியின் கால்கள் நின்ற இடத்திலேயே நின்றன. இன்னொரு மூன்று. பிறகு குரல்.

“அம்மா?”

பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டு மாடியையும் அவள் ஏறியது அவளுக்கே நினைவில்லை. கல்யாணமாகி எட்டு வருடம் கோயில் கோயிலாக அலைந்து பெற்ற ஒரே பிள்ளை. பிறந்ததிலிருந்தே தொய்வு, மூச்சு இழுக்கத் தொடங்கினால் நீலப் பம்ப் இல்லாமல் அதிக நேரம் தாங்கமாட்டாள். ஒடுக்கமான படியின் உச்சியில் கதவு சாத்தியிருந்தது. ஆமைப்பூட்டு பூட்டியபடி, தூசியோடு, கைவைக்கக் குளிர்ந்தது.

“கீர்த்தி? நீ எப்பிடி உள்ள போனனீ?”

“தெரியேல்ல அம்மா. ஸ்கூலால வந்தன். ஹோலுக்குள்ள வந்தன். பிறகு... இங்க டார்க்கா இருக்கு. ஓப்பின் பண்ணுங்கோ. ப்ளீஸ்.”

“பொறு பிள்ளை, பொறு. சுத்தியல் எடுத்துக்கொண்டு வாறன்.”

கீழே ஓடினாள். படிக்கடியில் வாமதேவனின் கட்டட வேலை ஆயுதப் பெட்டியைக் கவிழ்த்து, பெரிய சுத்தியலை எடுத்து, மறுபடி மேலே வந்து, பூட்டைக் குறிபார்த்துக் கையை ஓங்கியபோது சட்டைப் பையில் போன் அடித்தது.

திரையில் கீர்த்தி என்று இருந்தது. சிரிக்கும் படத்தோடு.

“அம்மா, நான் பஸ்ஸில. லைப்ரரிக்குப் போனனான், றூபினியோட. கொஞ்சம் லேட்டாகும்.” பஸ் மணி அடித்தது. யாரோ இருமினார்கள். பெண்பிள்ளைகள் சிரித்தார்கள்.

சுத்தியல் தூக்கிய கை அப்படியே நின்றது.

“நீ... நீ கீர்த்திதானே?”

“ஓம் அம்மா. ஏன்?”

கதவுக்குப் பின்னால் மூச்சு விசில் அடித்தது. “அம்மா, யாரோட கதைக்கிறியள்?”

கௌசி இரண்டு படி இறங்கினாள். “பிள்ளை, உன்ர முழங்காலில தழும்பு எப்பிடி வந்தது?”

“பிளேஸ்டோவில சித்தி வீட்டுக் கேற் கிழிச்சது அம்மா. எனக்கு ஐஞ்சு வயசு. அப்பா ஐஸ்கிறீம் வாங்கித் தந்தவர். பிஸ்தா.” போனிலிருந்த குரல் தடங்காமல் சொன்னது. பிஸ்தா என்பது கௌசிக்கே மறந்திருந்தது.

கதவைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்டாள். உள்ளே அழுகைதான் வந்தது. “கேற்... அம்மா, எனக்கு மூச்சு... என்ர பம்ப் எங்க... அது நான் இல்லை அம்மா. போனை வையுங்கோ.”

“அம்மா, வீட்டில ஆரும் இருக்கினமோ?” போன் மெதுவாகக் கேட்டது. “திறக்காதேங்கோ அம்மா. எனக்குப் பயமாயிருக்கு. நான் வாறவரைக்கும் பொறுங்கோ.”

கௌசி யோசித்தாள். யோசிக்க எல்லாம் நேராகத்தான் இருந்தது. பூட்டு வெளியே பூட்டியிருக்கிறது. திறப்பு வாமதேவனிடம். பிள்ளையின் சப்பாத்து கீழே இல்லை, கிழவருடையது இருக்கிறது. பூட்டிய கதவுக்குள் பிள்ளை எப்படிப் போவாள்? மூன்று மூன்றாகத் தட்டியது யார்? கதவுக்குப் பின்னால், தரையில், மூச்சுக்குத் தவித்தபடி கிடந்தது யார்?

சுத்தியலைப் படியில் வைத்தாள். பக்கத்தில் இருந்தாள். போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயா, போயிடுங்கோ,” என்றாள் கதவைப் பார்த்து. “பயத்தில செய்திட்டம். உங்களுக்குச் சமைச்சும் படைச்சனான். என்ர பிள்ளையின்ர குரலில கதையாதேங்கோ. போயிடுங்கோ.”

“அம்மா! நான் கீர்த்தி!”

மூன்று தட்டு.

“அம்மா, ப்ளீஸ்.”

வெஸ்ட் ஈலிங் அம்மனை நினைத்து வாய்க்குள் தேவாரம் சொன்னாள். பாதியில் மறந்தது. மறுபடி முதலிலிருந்து சொன்னாள். உள்ளே மூச்சு மேலேறிக் கீழிறங்கியது. ஏறும்போது விசில், இறங்கும்போது கரகரப்பு. அந்தச் சத்தத்தைப் பன்னிரண்டு வருடம் கட்டிலோரம் விழித்திருந்து கேட்டவள் அவள். எந்த இடத்தில் ஏறும், எந்த இடத்தில் அடைக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். அதேதான். அச்சொட்டாக அதேதான். எவ்வளவு கள்ளத்தனம் என்று நினைத்தாள். ஒற்றைக் காதைக் கையால் பொத்தினாள்.

“இன்னும் கொஞ்சம் பொறுங்கோ அம்மா,” என்றது போன். “கிட்ட வந்திட்டன்.”

மூன்று.

நேரம் போனது.

இரண்டு.

கதவுக்கும் தரைக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஏதோ உரசியது. சுரண்டியது. நகம்.

ஒன்று.

பிறகு இல்லை.

வீடு அமைதியாகிவிட்டது. கௌசிக்கு உடம்பெல்லாம் விட்டுப்போன ஆறுதல் வந்தது, கண்ணீர் வந்தது. போய்விட்டார். பொறுத்தாள், வென்றுவிட்டாள். “போயிட்டுது பிள்ளை,” என்றாள் போனுக்கு.

“ஓம் அம்மா,” என்றது போன்.

ஓம்.

கீர்த்திகா இந்த நாட்டில் பிறந்தவள். எத்தனை தரம் திருத்தினாலும் ‘யா அம்மா’ என்றுதான் சொல்வாள். ஒருநாளும், ஒருதரமும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

போனுக்குள் பஸ் சத்தம் இல்லை. மழை பெய்துகொண்டிருந்தது.

கௌசி கத்தினாள். சுத்தியலை எடுத்தாள். பூட்டில் அடித்தாள், மரத்தில் அடித்தாள், தன் விரலில் அடித்தாள். பூட்டு அசையவில்லை, வாமதேவன் வாங்கினால் நல்ல சாமானாகத்தான் வாங்குவான். கீழே வான் வந்து நின்ற சத்தமோ அவன் படியேறிய சத்தமோ அவளுக்குக் கேட்கவில்லை. பின்னாலிருந்து அவளை விலக்கி, திறப்பைப் போட்டு, கதவைத் தள்ளினான்.

முழுதாகத் திறக்கவில்லை. பின்னால் ஏதோ தடுத்தது.

தோளால் மெல்ல மெல்லத் தள்ளி உள்ளே போனார்கள். பள்ளி உடுப்போடு, ஒரு கன்னம் தரையில் அழுந்த, விரல்கள் கதவிடுக்கில் இருக்க, கீர்த்திகா கிடந்தாள். உதடு நீலம். நகங்கள் உடைந்திருந்தன.

கௌசி பிள்ளையை இழுத்து மடியில் போட்டாள். உலுக்கினாள். வாயோடு வாய் வைத்து ஊதினாள். சூடு இன்னும் போகவில்லை. “அம்புலன்ஸுக்கு அடியுங்கோ! அடியுங்கோ!”

வாமதேவன் போனை எடுத்தான். அவசர எண்ணின் மூன்று ஒன்பதில் இரண்டை அழுத்தினான்.

கீழே வாசல் கதவு திறந்து மூடியது.

“அம்மா? நான் வந்திட்டன்.”

படியில் காலடி. அவசரமில்லாத காலடி. முதல் மாடி. ஒடுக்கமான படி. கதவில் வந்து நின்றாள். தலைமயிரெல்லாம் நனைந்திருந்தது. கன்னம் சிவந்திருந்தது. இரண்டு மாடி ஏறிவந்தும் மூச்சு வாங்கவில்லை. விசில் இல்லை, கரகரப்பு இல்லை. கௌசியின் மடியைப் பார்த்தாள். முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

வாமதேவன் மடியில் கிடந்ததைப் பார்த்தான். கதவில் நின்றதைப் பார்த்தான். மறுபடி மடியில் கிடந்ததைப் பார்த்தான். அவன் என்ன யோசிக்கிறான் என்பது கௌசிக்கு விளங்கியது; இருபத்தொரு வருடம் அவனோடு குடும்பம் நடத்தியவள்.

“அடியுங்கோ,” என்றாள்.

அவன் போனைப் பையில் போட்டான்.

“வந்தா என்னத்தைச் சொல்லுறது, கௌசி?” அதிலும் நியாயம் இருந்தது. “எங்களுக்கு ஒரு பிள்ளைதானே. இந்தா நிக்கிறாளே.” முகத்தைத் துடைத்தான். “வானைப் பின்பக்கமா விடுறன். கீழ இறக்க ரெண்டு பேர் வேணும்.”

“நான் பிடிக்கிறன் அப்பா,” என்றது அது.

உள்ளே வந்து குனிந்து, வெள்ளைக் காலுறை போட்ட இரண்டு பாதங்களையும் சேர்த்து ஒரு கைக்குள் எடுத்தது. கௌசி பிள்ளையின் தலையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். “விடுங்கோ அம்மா,” என்று கீர்த்திகாவின் குரலில் மெதுவாகச் சொல்லியபடி, மற்றக் கையால் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கியது.